மீன் கேர்ள்ஸ்: பார்த்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

2004-இல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தை யாருக்குச் சிபாரிசு செய்தாலும் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் சந்தேகங்களோடு வருகிறார்கள். பாதி சந்தேகம் அமெரிக்கப் பள்ளி நடைமுறை பற்றியது. மீதி, யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது பற்றியது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதல் மூன்று கேள்விகளைத் தாண்டினால் கதை முழுவதும் வெளியே வந்துவிடும், பார்க்காதவர்கள் கவனிக்க.

இது என்ன கதை? சுருக்கமா சொல்லுங்க, பார்க்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்.

விலங்கியல் ஆய்வாளர்களான பெற்றோருடன் ஆப்பிரிக்காவில் வளர்ந்து, வீட்டிலேயே படித்த கேய்டி ஹெரன், பதினாறு வயதில் முதல்முறையாக ஒரு பள்ளிக்குள் நுழைகிறாள். சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள எவன்ஸ்டன் ஊரில் நடக்கிற கதை. அங்கே ஜேனிஸ், டேமியன் என்று ஓரங்கட்டப்பட்ட இரண்டு பேர் அவளுக்கு நண்பர்களாகிறார்கள். ரெஜினா ஜார்ஜ் தலைமையில் ‘பிளாஸ்டிக்ஸ்’ என்று ஊர் பெயர் வைத்த மூன்று பெண்கள் அவளைத் தங்கள் மேசைக்கு அழைக்கிறார்கள். உள்ளே போய் வேவு பார்த்து ரெஜினாவைக் கவிழ்ப்பது என்று ஜேனிஸ் திட்டம் போடுகிறாள். வேவு பார்க்கப் போனவள் மெல்ல மெல்ல அவர்களில் ஒருத்தியாகவே ஆகிவிடுகிறாள். ஒன்றரை மணி நேரம்தான். பாருங்கள்.

2004, 2011, 2024ன்னு மூணு இருக்கே, எதைப் பார்க்கணும்?

2004. லிண்ட்சே லோஹன், ரேச்சல் மெக்ஆடம்ஸ் நடித்தது. மார்க் வாட்டர்ஸ் இயக்கம், டினா ஃபே திரைக்கதை. 2011-இல் வந்த இரண்டாம் பாகம் தொலைக்காட்சிக்காக எடுத்தது. பழைய நடிகர்களில் பள்ளி முதல்வராக வரும் டிம் மெடோஸ் மட்டும்தான் அதில் இருக்கிறார். அதை விட்டுவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை.

2024-இல் வந்தது கொஞ்சம் சுற்றிவளைத்து வந்த படம். முதல் படத்தை வைத்து 2018-இல் பிராட்வேயில் ஒரு இசை நாடகம் போட்டார்கள். அந்த நாடகத்தை மறுபடி படமாக்கியதுதான் 2024. முன்னோட்டத்தில் பாட்டையே அதிகம் காட்டாமல் மறைத்துவிட்டதால், தியேட்டருக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் இது பாட்டுப் படம் என்று பலருக்குத் தெரிந்தது. ரெஜினாவாக வரும் ரெனே ராப் நன்றாகப் பாடுகிறார். ஆனால் 2004 படத்தின் வேகமான, முகத்தில் அறைகிற வசனங்கள் பாட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. பழையதைப் பார்த்துவிட்டுப் புதியதைப் பார்த்தால் ரசிக்கலாம்.

பன்னெண்டு வயசுப் பொண்ணோட உட்கார்ந்து பார்க்கலாமா?

அமெரிக்கத் தணிக்கையில் பதிமூன்றுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்கச் சொல்லும் சான்றிதழ் பெற்ற படம். நிர்வாணமோ ரத்தமோ கிடையாது. ஆனால் பாலியல் கேலிப் பேச்சு நிறைய, பெற்றோர் இல்லாத வீட்டில் பிள்ளைகள் குடிக்கும் பார்ட்டி ஒன்று, பெண்களை நோக்கிய வசைச் சொற்கள் தாராளம். என் கருத்தில், எட்டாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார்ந்து நடுநடுவே நிறுத்திப் பேசிக்கொண்டே பார்க்க இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம். தனியாகப் போட்டுக்கொடுத்துவிட்டு நகர்வதுதான் சரியில்லை.

கேய்டி பதினாறு வயசு வரைக்கும் ஸ்கூலுக்கே போகலையே, அது சட்டப்படி சரியா?

சரிதான். வீட்டிலேயே படிக்கவைப்பது 1993 வாக்கில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டபூர்வமாகிவிட்டது. கதை நடக்கும் இல்லினாய் மாநிலத்தில் அதற்கும் வெகு முன்பே, 1950-இல், வீட்டுப் படிப்பையும் தனியார் பள்ளி போலவே கருதலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தவிர கேய்டி பன்னிரண்டு வருஷம் அந்த நாட்டிலேயே இல்லை.

படத்தின் ஆரம்பத்திலேயே வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய இரண்டு கேலிகளைக் கேய்டியே சொல்லிவிடுகிறாள்: ஒன்று, எழுத்துக்கூட்டல் போட்டியில் மேதாவியாக நிற்கும் குழந்தை, இன்னொன்று, துப்பாக்கி தூக்கும் மதவெறிக் குடும்பத்துப் பிள்ளைகள். தான் இந்த இரண்டும் இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான் அந்த முன்னுரை.

அவங்க எத்தனாவது படிக்கிறாங்க? ஆரன் அவளைவிடப் பெரியவன், ஆனா ஒரே கிளாஸ்ல உட்கார்ந்திருக்கானே?

அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷம். கேய்டி பதினொன்றில், அதாவது நம்ம பிளஸ் ஒன்னில் சேர்கிறாள். அவள் காதலிக்கும் ஆரன் சாமுவேல்ஸ் பன்னிரண்டாவது. ‘பதினொன்று ஏ பிரிவு’ என்று ஒரே அறையில் வருஷம் முழுக்க உட்காரும் பழக்கம் அங்கே கிடையாது. ஆசிரியர்தான் அறையில் இருப்பார், மாணவர்கள் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை. பாடத்தின் நிலையைப் பொறுத்து வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரியான பதினொன்றாம் வகுப்புப் பெண்ணும், சுமாரான பன்னிரண்டாம் வகுப்புப் பையனும் ஒரே நுண்கணித வகுப்பில் முன்னும் பின்னுமாக உட்காருவது அதனால்தான்.

கடைசியில் ஆரன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான், ஆனாலும் வாராவாரம் பார்த்துக்கொள்கிறோம் என்கிறாள் கேய்டி. அந்தப் பல்கலைக்கழகம் எவன்ஸ்டனிலேயே இருக்கிறது. பையன் ஊரைவிட்டே போகவில்லை.

பதினாறு வயசுல கார் ஓட்டுறாங்க, ஆனா பாத்ரூம் போக சீட்டு வாங்கணுமா?

ஆமாம், இரண்டும் உண்மை. இல்லினாயில் பதினாறில் ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம். அதே பிள்ளை வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் தரும் சீட்டு இல்லாமல் வராந்தாவில் நடமாடக் கூடாது. முதல் நாள் கேய்டி எழுந்து நின்றதற்கும் திட்டு வாங்குகிறாள், பச்சைப் பேனாவால் எழுதியதற்கும் திட்டு வாங்குகிறாள். ஆப்பிரிக்காவில் தன்னை நம்பிய பெரியவர்கள் மாதிரி இங்கே யாரும் நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. படத்தில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பள்ளிக்கூடமே பிள்ளைகளைக் கண்காணிப்பதில் இருந்துதான் படம் தொடங்குகிறது.

கேன்டீன்ல எந்த மேசைல உட்கார்றாங்கங்கிறது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்?

ஆரன் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலோடு சேர்த்துப் பாருங்கள். நிலையான வகுப்பு என்று ஒன்று இல்லாததால், ‘நம்ம கிளாஸ் பசங்க’ என்ற கூட்டமும் இல்லை. மணிக்கு மணி உடன் இருப்பவர்கள் மாறுகிறார்கள். யார் யாருடன் என்பது தெரிகிற ஒரே இடம் மதியச் சாப்பாட்டு அறை. அங்கே தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிஷம் புதுப் பிள்ளைக்கு நரகம். முதல் நாள் கேய்டி சாப்பாட்டுத் தட்டோடு கழிவறைக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அதைச் சிரிப்புக்காக வைத்த காட்சி என்று கடந்துபோகாதீர்கள்.

ஜேனிஸ் ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள்: விளையாட்டுக்காரர்கள் இங்கே, கணக்குப் புலிகள் அங்கே, இசைக்குழுவினர் இங்கே, இனவாரியாக இன்னின்னார் அங்கே என்று. இந்தப் படத்துக்கு முன்பும் பல அமெரிக்கப் பள்ளிப் படங்களில் கூட்டம் கூட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். இதில் புதுசு என்னவென்றால், அந்த வரைபடத்தை வரைந்ததே ஓரங்கட்டப்பட்ட பெண். தன்னை ஒதுக்கிய ஊரின் எல்லைக்கோடுகளை அவளைப்போலத் துல்லியமாக யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை. இதைக் கடைசிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியில் மறுபடி எடுக்கிறேன்.

பிளாஸ்டிக்ஸ்ல சேர்றதுக்கு என்னென்ன விதி?

புதன்கிழமை பிங்க் உடுத்த வேண்டும். கையில்லாத மேல்சட்டையை இரண்டு நாள் தொடர்ந்து போடக் கூடாது. குதிரைவால் கொண்டை வாரத்துக்கு ஒருமுறைதான். ஜீன்ஸும் தொளதொளப் பேன்ட்டும் வெள்ளிக்கிழமை மட்டும். மீறினால் அன்றைக்கு அந்த மேசையில் இடம் கிடையாது.

இந்த விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பது ரெஜினா இல்லை, அதே மேசையில் இருக்கும் கிரெட்சன். ரெஜினாவுக்குச் சட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை, அவள் நிழலில் நிற்பவளுக்குத்தான் அது தேவை. பின்னால் ஒருநாள், எடை ஏறி வேறு உடை எதுவும் பொருந்தாமல், ரெஜினா தொளதொளப் பேன்ட்டோடு வந்து உட்காரும்போது அவளை எழுப்பி விரட்டுவதும் இதே விதிதான்.

இது உண்மைக் கதையா?

கதை கற்பனை. ஆனால் அடியில் கிடப்பது கற்பனை இல்லை. ரோசலிண்ட் வைஸ்மன் என்பவர் பள்ளிப் பெண்களோடு பல வருஷம் வேலை செய்துவிட்டு, 2002-இல் பெற்றோருக்காக ‘குவீன் பீஸ் அண்ட் வான்னபீஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். பெண்பிள்ளைகளின் கூட்டத்தில் ராணி யார், வலதுகை யார், இரண்டு பக்கமும் சேதி கடத்துபவள் யார், அடி வாங்குபவள் யார் என்று பிரித்துச் சொல்லும் வழிகாட்டி நூல். அதில் கதையும் இல்லை, கதாபாத்திரமும் இல்லை. வைஸ்மனின் வேலையைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்த டினா ஃபே, இதில் படம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அப்போது அவர் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். கணக்கு டீச்சர் நார்பரியாக நடித்திருப்பதும் அவர்தான்.

இன்னொரு சுவையான உறவும் உண்டு. இயக்குநர் மார்க் வாட்டர்ஸின் அண்ணன் டேனியல் வாட்டர்ஸ், 1980-களின் இறுதியில் இதே மாதிரி ஒரு பெண்கள் கூட்டத்தை வைத்து, கொலை வரை போகும் ‘ஹெதர்ஸ்’ என்ற கறுப்பு நகைச்சுவைப் படத்தை எழுதியவர். ஒரே விஷயத்தை அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி.

பர்ன் புக் மாதிரி ஒண்ணு நிஜத்துல இருக்குமா?

இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு ஆள் பெயரை எழுதி, கைமாற்றி, ஒவ்வொருவரும் அவர்களைப் பற்றிக் கண்டதையும் எழுதுவது அமெரிக்கப் பள்ளிகளில் பழைய வழக்கம். படத்தில் உள்ளதில் புகைப்படமும் ஒட்டியிருக்கும். அதைத் தயாரித்த பிளாஸ்டிக்ஸில் ஒருத்தியான ரெஜினாவே அந்தப் பக்கங்களை நகல் எடுத்துப் பள்ளி முழுக்க இறைக்கும் நிலை வருவதுதான் கதையின் உச்சம். ரெஜினா அதில் தன் படத்தையும் ஒட்டி, தன்னைப் பற்றியே கேவலமாக எழுதி, பலியானவள் வேஷத்தில் முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். புத்தகத்தில் இல்லாத மூன்று பேர் மேல் பழி தானாக விழுகிறது. அந்த ஒரு காட்சிக்கே அவள் புத்திக்குச் சபாஷ் போடலாம்.

அந்த போன் சீன்ல என்ன நடக்குதுன்னே புரியல. எப்படி இவ்ளோ பேர் ஒரே லைன்ல?

இது சின்னப் பிள்ளைகளின் கேள்வி. பெரியவர்கள் யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்துத் தொலைபேசியில் மூன்றாவது ஆளையும் அழைப்பில் சேர்க்கும் வசதி இருந்தது. ரெஜினா கேய்டியை அழைத்து, “கிரெட்சன் உன்னைப் பத்தி என்கிட்ட சொல்லிட்டா, உனக்கு அவமேல கோபம் இல்லையா?” என்கிற தோரணையில் வாயைக் கிண்டுகிறாள். கோபமில்லை என்று சொல்லும் கேய்டி, கிரெட்சனுக்கு எல்லோரும் தன்னைக் கவனிப்பது பிடிக்கும் போல என்று வாயைவிட்டுவிடுகிறாள். உடனே இன்னொரு குரல். கிரெட்சன் அவ்வளவு நேரமும் மூச்சுக் காட்டாமல் அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் இன்னொரு காட்சியில் திரையை நான்காகப் பிரித்து, யார் யாரைப் பற்றி யாரிடம் பேசுகிறார்கள் என்று பின்னிப் பின்னிக் காட்டுகிறார்கள்.

சிண்டு முடிகிற கலையில் இது ஒரு உச்சம். இன்றைக்கு இதையே தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், முழுக்கப் புரிந்துவிடும்.

அந்த ஸ்வீடன் சாக்லேட் பார் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. கால்டீன் என்பது படத்துக்காக உண்டாக்கிய பெயர். எடை குறையும் என்று பொய் சொல்லி, எடை ஏற்றும் பட்டையை ரெஜினாவுக்குக் கொடுக்கிறாள் கேய்டி. ஒல்லியாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் எடை குறைக்க வேண்டும் என்றதும் கேள்வி கேட்காமல் தின்கிறாளே, அதை யோசியுங்கள்.

பஸ் மோதினதுல ரெஜினா செத்துட்டாளா? கேய்டிதான் தள்ளிவிட்டாளா?

இல்லை, இல்லை. இரண்டுக்கும் இல்லை. கழுத்தைச் சுற்றிக் கம்பிக் கட்டுப் போட்டுக்கொண்டு, அதிலும் பூ வைத்து அலங்கரித்து, நடன விழாவுக்கு வருகிறாள். செத்துப்போனாள் என்று கேய்டி சொல்வது விளையாட்டு. அடுத்த வரியிலேயே சும்மா சொன்னேன் என்கிறாள். தள்ளிவிட்டாள் என்பது பள்ளிக்குள் பரவும் வதந்தி. நீங்களும் அதை நம்பி என்னிடம் கேட்கிறீர்கள் என்றால் வதந்தி நன்றாக வேலை செய்கிறது.

கணக்குப் போட்டியில அவ சொல்ற விடை சரியா? நான் பிளஸ் டூ மேத்ஸ்.

சரி. கணக்கு இது: எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது, (1−எக்ஸ்)-இன் இயல் மடக்கையில் இருந்து சைன் எக்ஸைக் கழித்து, அதை (1−காஸ்² எக்ஸ்)-ஆல் வகுத்தால் வரும் எல்லை என்ன? எதிரணிப் பெண் தப்பாகச் சொல்ல, கேய்டி “எல்லை இல்லை” என்று சொல்லி ஜெயிக்கிறாள்.

எண்ணைப் போட்டே பார்க்கலாம். எக்ஸ் = 0.01 என்றால் விடை ஏறக்குறைய −200. எக்ஸ் = −0.01 என்றால் ஏறக்குறைய +200. இன்னும் நெருங்கி 0.001, −0.001 என்று போனால் −2000, +2000 என்று எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. வலப்பக்க எல்லையும் இடப்பக்க எல்லையும் சேரவே சேராது. லோபிதாலின் விதிப்படி போனாலும் மேலே −2, கீழே பூஜ்ஜியம். கீழே உள்ளதன் குறி இடமும் வலமும் மாறுகிறது. அதே முடிவு.

விடையை அவள் எப்படி நினைவுபடுத்துகிறாள் என்பது இன்னும் அழகு. எல்லைப் பாடம் நடந்த வாரம்தான் ஆரன் முடி வெட்டிக்கொண்டு வந்தான். அவன் தலையை மறந்து, தலைக்குப் பின்னால் கரும்பலகையில் என்ன இருந்தது என்று யோசிக்கிறாள். அந்த நேரத்தில் அவள் மனசு விளக்கமாகச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் கணித ரீதியாகக் கொஞ்சம் நொண்டுகிறது. மதிப்பெண் குறைக்காதீர்கள்.

இவ்ளோ கெட்டிக்காரி ஏன் கணக்குத் தெரியாத மாதிரி நடிக்கிறா?

ஆரன் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, நிஜமாகவே மதிப்பெண் சரிந்து தோற்கும் நிலைக்கு வருகிறாள். கணித அணியில் சேர்ந்தால் மானம் போகும் என்று ஆரம்பத்திலேயே டேமியன் அவளை எச்சரித்திருக்கிறான். நார்பரி டீச்சர் கடைசியில் மதிப்பெண்ணுக்கு ஈடாக அந்த அணியிலேயே அவளைக் கட்டாயமாகச் சேர்க்கிறார். படத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே நியாயமான தண்டனை அதுதான், தண்டனை மாதிரியும் இல்லை.

கெவின் நம்ம ஆளா? முகத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.

நடித்தவர் நம்ம ஆள்தான். கணித அணித் தலைவன் கெவின் நாபூராக வரும் ராஜீவ் சுரேந்திரா, டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கதை சிகாகோ பக்கம் நடந்தாலும் படத்தை 2003-இல் எடுத்தது பெரும்பாலும் டொரொண்டோவில். எட்டோபிகோ கலீஜியட், மால்வர்ன் கலீஜியட் என்ற பள்ளிகள்தான் படத்தில் வரும் நார்த் ஷோர் உயர்நிலைப் பள்ளி.

அதன் பிறகு அவர் வாழ்க்கை வேறு திசையில் போனது. படப்பிடிப்புத் தளத்தில் கேமரா பிரிவைச் சேர்ந்த ஒருவர் சொல்லி ‘லைஃப் ஆஃப் பை’ நாவலைப் படித்தார். புதுச்சேரியில் வளர்ந்த ஒல்லிப் பையன் கதை. இது நான்தான் என்று தோன்றிவிட்டது. படமானால் அந்த வேஷம் தனக்கே வேண்டும் என்று பல வருஷம் தயார் செய்தார், நீச்சல் கற்றார், புதுச்சேரிக்கே போய்வந்தார். ஆங் லீயின் படத்தில் வேஷம் சூரஜ் சர்மாவுக்குப் போனது. அந்த அனுபவத்தை 2016-இல் ‘தி எலிஃபன்ட்ஸ் இன் மை பேக்யார்ட்’ என்று புத்தகமாக எழுதினார். இப்போது நியூயார்க்கில் கையெழுத்துக் கலைஞர். அந்தப் புத்தகத்தை இந்தப் படத்தின் ரசிகர்கள் மட்டுமில்லை, எதற்காவது ஏங்கித் தோற்ற எவரும் படிக்கலாம்.

சரி, ஆனா இந்தியப் பையன்னா கணக்குன்னு மறுபடியும் அதே கேலிதானே?

தொடங்குவது அங்கேதான். நிற்பது அங்கே இல்லை. அவன் விசிட்டிங் கார்டு நீட்டுகிறான், கலைவிழாவில் மேடையேறி ராப் பாடுகிறான், முதல்வர் இழுத்து நிறுத்தும் வரை பாடுகிறான். கேய்டி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காதபோது, தான் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகுவதில்லை என்று அவனாகவே அவளை நிராகரிக்கிறான். யாருடைய மேசைக்கும் போக ஆசைப்படாத பாத்திரம் படத்தில் அவன் ஒருவன்தான். கடைசியில் ஜேனிஸ் அவனோடு ஜோடி சேர்கிறாள், நல்ல தேர்வு.

இருபது வருஷத்தில் ஒரு மாற்றத்தையும் கவனிக்கலாம். 2024 படத்தில், அழகான மக்குப் பெண் கேரன் வேஷத்தில் அவந்திகா நடித்திருக்கிறார். தெலுங்குக் குடும்பத்துப் பெண். கணக்கே வராத இந்தியப் பெண் பாத்திரம் ஹாலிவுட்டில் வருவதும் ஒரு முன்னேற்றம்தான்.

இப்ப பார்க்கும்போது சில இடம் உறுத்துதே. எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கு அதிகம் உறுத்துவது உடற்பயிற்சி ஆசிரியர் விஷயம். பதினெட்டு வயது நிரம்பாத இரண்டு வியட்நாமிய மாணவிகளோடு அவருக்கு இருக்கும் தொடர்பை ஒரு துணுக்காக மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அது குற்றம், படம் அந்தப் பெண்களையே சிரிப்புக்குரியவர்களாக ஆக்குகிறது. இதற்கு அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல மாட்டேன்.

ஆப்பிரிக்கா விஷயம் கொஞ்சம் சிக்கல். ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு மாணவி வந்திருக்கிறாள் என்றதும் நார்பரி டீச்சர் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து வரவேற்க, அவள் “நான் மிச்சிகன்” என்கிறாள். அறியாமையைக் குத்தும் அருமையான துணுக்கு. ஆனால் அதே படம் கேய்டி எந்த நாட்டில் வளர்ந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆப்பிரிக்கா என்றால் சிங்கமும் தண்ணீர்த் துறையும்தான். பின்னால் வந்த வடிவத்தில் கென்யா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 3 வந்தா எல்லாரும் ஏன் இந்தப் படத்தைப் பத்தியே பேசறாங்க?

ஆரன் தேதி கேட்கிறான். கேய்டி “அக்டோபர் மூணு” என்கிறாள். அவ்வளவுதான், காட்சி முடிந்தது. வயதுவந்த எல்லோருக்கும் அந்த மாதிரி ஒரு உப்புச்சப்பில்லாத உரையாடல் நினைவில் இருப்பதால் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2023-இல் அதே நாளில் பாரமவுண்ட் நிறுவனமே படம் முழுவதையும் 23 துண்டாக வெட்டி டிக்டாக்கில் போட்டது. படத்தில் கிரெட்சன் புழக்கத்துக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்கும் ‘ஃபெட்ச்’ என்ற சொல்லை வைத்து, 2013-இல் வெள்ளை மாளிகையே ஒபாமா வீட்டு நாயின் படத்தோடு ட்வீட் போட்டிருக்கிறது. சுமார் 1.7 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 13 கோடி டாலர் வரை வசூலித்த படம். ஆனால் அதன் ஆயுள் வசூலில் இல்லை, இந்த மேற்கோள்களில்தான் இருக்கிறது.

வில்லி ரெஜினாதானே? அப்புறம் ஏன் ஜேனிஸைப் பத்தியும் குறை சொல்றீங்க?

ரெஜினா கொடுமைக்காரி, அதில் சந்தேகம் இல்லை. எட்டாம் வகுப்பில் ஜேனிஸைப் பற்றி வதந்தி கிளப்பி அவளைத் தனிமைப்படுத்தியவளே அவள்தான். ஆனால் படத்தில் நடக்கும் சதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். முகத்துக்குக் கால் பித்த வெடிப்புக் களிம்பு, எடை ஏற்றும் பட்டை, காதலனைப் பிரிப்பது, தோழிகளைச் சிண்டு முடிந்து பிரிப்பது: எல்லாமே ‘நல்லவர்கள்’ முகாமில் திட்டமிட்டவை. பழிவாங்க வேண்டியவள் ஜேனிஸ். ஆபத்தில் நடந்தவள் கேய்டி. எனக்கு இதில் ஜேனிஸ் மேல் கோபம்கூட இல்லை, புண்பட்டவள் செய்வாள். ஆனால் தன் சண்டைக்கு விவரம் தெரியாத ஒரு புதுப் பெண்ணை அனுப்பியதை அவள் அதிகம் யோசிப்பதாகத் தெரியவில்லை. கேன்டீன் வரைபடத்தை வரைந்தவள் யார் என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இன்னும் நுட்பமான இடம் டேமியன் பற்றிய ஒரு வரி. அவன் தன்பாலின ஈர்ப்பை வைத்து ஜேனிஸ் செல்லமாகச் சொல்லும் கேலி ஒன்று உண்டு; அவனும் சிரிப்பான். அதையே கேய்டி பிளாஸ்டிக்ஸ் முன்னால் வாய்தவறிச் சொல்ல, அவர்கள் பர்ன் புக்கில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை. தோழி வாயில் இருந்தபோது பாசம், புத்தகத்தில் ஏறியதும் வசை. கெட்ட எண்ணமே இல்லாமல் கேய்டி செய்த அந்தக் காரியம்தான், வேண்டுமென்றே செய்த மற்றதைவிட எனக்கு நினைவில் நிற்கிறது.

முடிவு ரொம்ப ஈஸியா இல்லையா? கிரீடத்தை உடைச்சா எல்லாம் சரியாயிடுமா?

ஈஸிதான். நடன விழாவில் ராணிப் பட்டம் கேய்டிக்குக் கிடைக்க, பிளாஸ்டிக் கிரீடத்தைத் துண்டு துண்டாக உடைத்து எல்லோருக்கும் வீசுகிறாள். கைதட்டல். நகைச்சுவைப் படத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே. நிஜமான முடிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது: நார்பரி டீச்சரைப் பற்றி எழுதிய பொய்யால் போலீஸ் வரை விசாரணை போக, கேய்டி மொத்தப் புத்தகத்தையும் தான் ஒருத்தியே எழுதியதாக ஒப்புக்கொள்கிறாள். மற்றவர்களைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் செய்யவில்லை. அதற்குக் கைதட்டல் கிடையாது; பள்ளியில் எல்லோரும் முறைக்கிறார்கள்.

ரெஜினா திருந்தினாள் என்றும் படம் சொல்வதில்லை, கவனித்தீர்களா? அவள் கோபத்தை அப்படியே லாக்ரோஸ் ஆட்டத்தில் (வலை கட்டிய கோலோடு முட்டி மோதி ஆடும் பந்து விளையாட்டு) இறக்கிவிடுகிறார்கள். ஆளை மாற்ற முடியாது, ஆட்டத்தை மாற்றலாம் என்கிற மாதிரி. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த நகைச்சுவை அதுதான்.

கடைசியில புதுசா மூணு பொண்ணுங்க அதே மாதிரி நடந்து வர்றாங்களே, அப்போ எதுவும் மாறலையா?

மாறவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்து அடுத்த செட் வந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களே முழுக்க மாறிப்போகும் இடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவர்களையும் பஸ் மோதுவதாகக் கேய்டி ஒரு நொடி கற்பனை செய்துவிட்டு, சும்மா சொன்னேன் என்கிறாள். அந்தக் கற்பனை அவளுக்கு இன்னும் வருகிறது என்பதை இயக்குநர் மறைக்கவில்லை.